தரமணித் திரைப்படக் கல்லூரியின் மாணவர் படங்களும் ஒளிப்பதிவு, படத்தொகுப்புப் பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சென்னை தரமணியில் இயங்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் பங்களிப்பு, தமிழ்த் திரை வரலாற்று நூல்களில் பெரும்பாலும் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் பெயர்ப்பட்டியலாகவே இடம்பெறுகின்றது. அந்நிறுவனத்தின் கல்விமுறைக்கு மையமான மாணவர் படம் என்னும் வடிவத்தை இக்கட்டுரை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்கின்றது. ஸ்டுடியோ உதவியாளர் முறையில் தனித்தனி அறைகளில் பிரிந்து கிடந்த ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் மாணவர் படத்தில் ஒரே பயிற்சியாளரின் சிந்தனைக்குள் வந்தன. அவ்வாறு கற்ற படத்தொகுப்பு அறிவு, படத்தொகுப்பாளர்கள் வழியாக அல்லாமல் ஒளிப்பதிவாளர்கள் வழியாகவே தமிழ்த் திரைக்குள் மிகுதியாக நுழைந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: தரமணி, திரைப்படக் கல்வி, மாணவர் படம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கச்சா பிலிம், அவள் அப்படித்தான், ஊமை விழிகள்

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாற்றெழுத்து கடந்த நாற்பது ஆண்டுகளில் நன்கு வளர்ந்துள்ளது. அறந்தை நாராயணனின் ‘தமிழ் சினிமாவின் கதை’, சு. தியடோர் பாஸ்கரனின் ஆய்வுகள், எம்.எஸ்.எஸ். பாண்டியனின் எம்.ஜி.ஆர். பற்றிய நூல், ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன் தொகுத்த பட்டியல்கள் ஆகியவை இத்துறையின் அடித்தளங்கள். அரசியல், பாடல், நடிகர் வழிபாடு, தணிக்கை ஆகியவை குறித்து இன்று நம்மிடம் வளமான விவாதம் உண்டு. தொழிற்கல்வி குறித்தோ மிகச் சிலவே எழுதப்பட்டுள்ளன. ஒருவர் கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன் எங்கே, எவரிடம், எவ்வாறு கற்றார் என்ற கேள்வி நேர்காணல்களில் ஓரிரு வரிகளில் கடந்துபோகின்றது.

இதற்கு ஒரு காரணம் தெளிவானது. வரலாற்றாசிரியர் கையாளும் அடிப்படைச் சான்று, தணிக்கைச் சான்றிதழ் பெற்று வெளியான முழுநீளப் படம். பயிற்சிக்காக எடுக்கப்பட்ட பத்து நிமிடப் படம் வெளியாவதில்லை, பாட்டுப் புத்தகம் அச்சிடப்படுவதில்லை, சுவரொட்டி கிடையாது, பத்திரிகை விமர்சனமும் வருவதில்லை. ஆகவே அது பட்டியலுக்குள் வருவதில்லை. ஆயினும் ஒரு தலைமுறை ஒளிப்பதிவாளர்களின் முதல் படைப்பு அதுதான்.

ஸ்டுடியோவே பள்ளியாக இருந்த காலம்

பேசும்படத்தின் முதல் முப்பதாண்டுகளில் தமிழகத்தில் தொழில் கற்கும் இடம் ஸ்டுடியோவே. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி, ஏவி.எம்., விஜயா–வாகினி போன்றவை மாதச் சம்பளத்திற்கு ஆட்களை அமர்த்தின. ஒளிப்பதிவுத் துறைக்கு வந்த இளைஞர் பெட்டி சுமப்பதில் தொடங்கி, பிலிம் சுருளை மாற்றுவது, குவியத்தைச் சரிசெய்வது எனப் பல ஆண்டுகள் கடந்து, மூத்தவரின் நல்லெண்ணத்தால் ஒருநாள் தனியே படம்பிடிப்பார். ஜெமினியில் பயின்று வளர்ந்த ஏ. வின்சென்ட் இம்முறையின் உயர்ந்த விளைவுகளில் ஒருவர். இம்முறையைக் குறைத்து மதிப்பிடுதல் தவறாகும்.

படத்தொகுப்பு அறைக்கென வேறொரு வாழ்க்கை இருந்தது. அது இயக்கத்திற்குச் செல்லும் குறுக்குவழி. கிருஷ்ணன்–பஞ்சு இணையரில் பஞ்சு படத்தொகுப்பாளர். அவர்களிடம் பயின்ற ஏ. பீம்சிங் பின்னர் இயக்குநரானார், எஸ்.பி. முத்துராமன் ஏவி.எம். படத்தொகுப்புப் பிரிவிலிருந்து வந்தவர், எம்.ஏ. திருமுகமும் படத்தொகுப்பாளராக இருந்தே தேவர் பிலிம்ஸ் படங்களை இயக்கினார். கதையின் நீளத்தையும் வேகத்தையும் முடிவுசெய்யும் இடம் அதுவே என்பதால் இது இயல்பானது. ஆனால் ஒளிப்பதிவு உதவியாளர் அந்த அறைக்குள் நுழைய வேண்டிய தேவை எழவில்லை. தாம் பிடித்த ஒரு ஷாட் எந்த இடத்தில் வெட்டப்பட்டது, ஏன் முழுவதுமாக நீக்கப்பட்டது என்பதை அவர் திரையரங்கில் பார்த்துத் தெரிந்துகொள்வார். நெகட்டிவ் ஆய்வகத்திற்குச் சென்றதும் அவர் பணி முடிந்தது. தொழிற்பிரிவினை ஸ்டுடியோவிற்கு வேகம் தந்தது. கற்பவருக்கு அது ஒரு சுவராக அமைந்தது.

இச்சூழலில் ஒரு விதிவிலக்கு உண்டு. எல்லிஸ் ஆர். டங்கன், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்றவர். அங்குடன் பயின்ற மாணிக்லால் டாண்டனின் தொடர்பால் 1935-இல் இந்தியா வந்து, 1950 வரை தமிழில் படங்களை இயக்கினார். தமிழ் அறியாத அவர் படமாக்கலைக் காட்சித் துண்டுகளின் வரிசையாகத் திட்டமிட வேண்டியிருந்தது. ‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945) ஆகியவற்றில் காணும் அண்மைக் காட்சிகளின் பயன்பாடும் வெளிப்புறப் படப்பிடிப்பும் நாடக மேடையின் நீட்சியாக இருந்த அக்காலப் படங்களினின்று வேறுபட்டவை. ஆகவே பல்கலைக்கழகப் பயிற்சி என்பது தமிழ்த் திரைக்கு 1970களில் வந்த புதுமையன்று. இங்கு ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை: டங்கனின் ‘சதிலீலாவதி’ (1936) எம்.ஜி.ஆரின் முதல் படம். பின்னாளில் எவருடைய பெயர் தரமணி நிறுவனத்திற்குச் சூட்டப்பட்டதோ, அவரை முதன்முதலில் படம்பிடிக்கச் செய்தவர் ஒரு திரைப்படக் கல்வி மாணவர்.

பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவு

தரமணி நிறுவனத்தின் தொடக்கம் 1945. ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் சென்னையின் அரசுத் தொழிற்கல்வி நிலையத்தில், பின்னாளில் சென்ட்ரல் பாலிடெக்னிக் என அறியப்பட்ட அமைப்பில், பாடங்களாகத் தொடங்கப்பட்டன. இவ்வாண்டைச் சற்று உற்றுநோக்க வேண்டும். மாஸ்கோவின் திரைப்படப் பள்ளி 1919-இலும், ரோம் நகரின் பயிற்சி மையம் 1935-இலும் தோன்றின. போலந்தின் வூச் பள்ளி 1948-இல் வந்தது. இந்திய அரசு எஸ்.கே. பாட்டீல் தலைமையில் அமைத்த திரைப்பட விசாரணைக் குழு 1951-இல் அளித்த அறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று திரைப்படக் கல்லூரி. அது பூனாவில் பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960-இல் நிறைவேறியது. சென்னை இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் முந்தியது.

முந்தியது என்பதைவிட எவ்விடத்தில் முளைத்தது என்பது நம் வாதத்திற்கு இன்றியமையாதது. மாஸ்கோவிலும் ரோமிலும் திரைப்படக் கல்வி அரசின் கருத்துப்பரப்பலோடும் கலைக்கொள்கையோடும் பிணைந்து பிறந்தது. சென்னையிலோ அது பொறியியல் பட்டயப் படிப்புகளுக்கு அருகில், ஒரு தொழில்நுட்பமாகப் பிறந்தது. அச்சுத்தொழில், இயந்திரவியல் ஆகியவற்றைப் போலவே ஒளியியல், வேதியியல், ஒலிப்பொறியியல் ஆகியவையும் பாடங்களாயின. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, பிலிம் பதனிடல் ஆகியவை இக்கல்விக்கு இயல்பான பொருள்கள். இயக்கம், திரைக்கதை, படத்தொகுப்பு ஆகியவை பின்னர்ப் படிப்படியாக இணைந்தன. இயக்குநரே முதலில், ஏனையோர் அவருக்குத் துணை என்னும் படிநிலை பூனாவில் வலுவாக இருந்ததென்றால், தரமணியில் ஒளிப்பதிவே மூத்த பிள்ளை. இந்நிறுவனத்தின் பிற்கால வரலாற்றில் ஒளிப்பதிவாளர்கள் முன்னிற்பதற்கு இந்த மரபும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

பெயர்கள் பலமுறை மாறின. மக்கள் வழக்கில் ‘அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்’ என்பதே நிலைத்தது. தரமணி என்னும் பெயர் தகவல் தொழில்நுட்பச் சாலையின் நினைவை எழுப்பத் தொடங்கியது 2000-க்குப் பின்னர்தான். ராம் இயக்கிய ‘தரமணி’ (2017) படத்தின் தலைப்புச் சுட்டுவதும் அந்தப் புதிய தரமணியையே. திரைத்துறையின் மூத்தோருக்கோ அச்சொல் இன்றும் ஒரு வகுப்பறையைக் குறிக்கும்.

கச்சா பிலிமின் கணக்கு

மாணவர் படம் கற்பித்தது என்ன என்பதை அறிய ஓர் எளிய கணக்கிலிருந்து தொடங்கலாம். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும்போது நிமிடத்திற்கு 90 அடி செலவாகும். 400 அடிச் சுருள் நான்கரை நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். பத்து நிமிடப் படத்தின் இறுதி நீளம் 900 அடி. ஒவ்வொரு ஷாட்டையும் சராசரியாக நான்கு முறை எடுத்தால் 3600 அடி வேண்டும். 16 மி.மீ. பிலிமில் அடிக்கு 40 சட்டகங்கள் இருப்பதால் நிமிடத்திற்கு 36 அடியே போதும். பயிற்சிக்கு அது ஏற்றதாகக் கருதப்பட்டதன் காரணம் இதுவே.

இக்கணக்கிற்குப் பின்னால் அரசியல் பொருளாதாரம் உண்டு. வண்ணப் பிலிம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கறுப்பு–வெள்ளைப் பிலிமை உள்நாட்டிலேயே தர முயன்றது. தயாரிப்பாளருக்கே அளவிட்டுக் கிடைத்த பொருள், மாணவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பற்றாக்குறையே ஆசிரியராகும் நிலை திரைப்படக் கல்வி வரலாற்றுக்குப் புதிதன்று. ரஷ்யப் புரட்சிக்குப் பிந்திய ஆண்டுகளில் பிலிம் கிடைக்காத சூழலில் லெவ் குலெஷோவ் தம் மாணவர்களுக்குப் பிலிமே இல்லாத ‘படங்களை’ நடித்துக் காட்டச் செய்தார். பழைய படச்சுருள்களை வெட்டி மாற்றி இணைக்கச் செய்தார். ஒரே முகத்தின் அருகில் வெவ்வேறு ஷாட்டுகளை ஒட்டும்போது முகத்தின் உணர்வே மாறித் தெரிகின்றது என்ற புகழ்பெற்ற கண்டறிதல் அந்தப் பட்டறையில் விளைந்தது. படத்தொகுப்புக் கோட்பாட்டின் பிறப்பிடம் ஒருவகையில் வெறும் பிலிம் பெட்டி.

திரைப்படக் கல்வி நிறுவனங்களில் பொதுவாகப் பின்பற்றப்படும் பயிற்சி வரிசை இதையொட்டியதே. முதலில் ஒலியற்ற சிறு பயிற்சி. பிறகு செயல்தொடர்ச்சிப் பயிற்சி. பிறகு உரையாடல் காட்சி. இறுதியில் பட்டயப் படம். செயல்தொடர்ச்சிப் பயிற்சி பார்ப்பதற்கு அற்பமானது: ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்து நாற்காலியில் அமர்கின்றார். இதனை ஐந்தாறு ஷாட்டுகளில் பிரித்து எடுக்க வேண்டும். கை எந்தக் கணத்தில் தாழ்ப்பாளைத் தொட்டது, பார்வை எத்திசையில் இருந்தது, இரண்டாம் ஷாட்டில் கேமரா கற்பனைக் கோட்டின் மறுபுறம் சென்றுவிட்டதா, சாளரத்து வெளிச்சம் இதற்குள் நகர்ந்துவிட்டதா என்பன படப்பிடிப்பின்போது சிறு ஐயங்களாகவே தோன்றும். ரஷ் பிரிண்டை மூவியோலாவில் ஓட்டி, முதல் ஷாட்டின் கடைசிச் சட்டகத்தையும் அடுத்ததன் முதல் சட்டகத்தையும் ஒட்டும்போதுதான் அவை பிழைகளாகின்றன. ஒட்டும் இடத்தில் உருவம் துள்ளும். அல்லது நடிகர் வந்த வழியே திரும்பிச் செல்வதாகத் தோன்றும்.

இங்குதான் ஸ்டுடியோ முறைக்கும் மாணவர் படத்திற்கும் உள்ள வேறுபாடு. மாணவர் குழு சிறியது. ஒருவர் படத்தில் ஒளிப்பதிவாளராக இருப்பவர் மற்றொருவர் படத்தில் உதவியாளர். மீண்டும் எடுக்கப் பிலிம் இராது. தம் பிழையைத் தம் நண்பர் வெட்டும் மேசையருகே நின்று பார்க்கும் நிலையும், அதனைச் சரிசெய்ய ஏதேனும் ஓர் அண்மைக் காட்சி கிடைக்குமா என்று சேர்ந்து தேடும் நிலையும் தவிர்க்க இயலாதவை. அடுத்த படத்தில் அவர் ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சில நொடிகள் கூடுதலாக எடுப்பார். உரையாடலின் நடுவே கேட்பவர் முகத்தையும் பதிவுசெய்து வைப்பார். வெட்டப்படும் இடத்தை எண்ணியே கேமராவை வைக்கும் பழக்கம் இவ்வாறு படிந்தது. அதிகமான பிலிம் இருந்தால் இப்பழக்கம் இவ்வளவு விரைவில் வந்திராது என்றே தோன்றுகின்றது. இது வறுமைக்குப் பாராட்டன்று, ஒரு கல்விமுறையின் இயக்கத்தைச் சுட்டுவது மட்டுமே.

இணைப் பெயர்கள்: 1978–1981

மாணவர் படங்களை நேரடியாகப் பார்த்து எழுத முடியாத இடத்தில், அவற்றின் சுவடுகளை முன்னாள் மாணவர்களின் முதல் முழுநீளப் படங்களில் தேடலாம். அவ்வாறு தேடுவோர் முதலில் நிற்க வேண்டிய படம் ‘அவள் அப்படித்தான்’ (1978). இயக்குநர் ருத்ரய்யா தரமணி மாணவர். ஒளிப்பதிவாளர்களான நல்லுசாமியும் எம்.என். ஞானசேகரனும் அதே நிறுவனத்திலிருந்து வந்தவர்கள். திரைக்கதைப் பணியில் வண்ணநிலவன் பங்குபெற்றார். கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா ஆகியோர் நடித்திருந்தும், தமிழ்த் திரை வண்ணத்திற்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் அது கறுப்பு–வெள்ளையில் எடுக்கப்பட்டது.

இப்படத்தைப் பெண்ணிய நோக்கில் விவாதித்த கட்டுரைகள் பல. அதன் கதைக்குள் ஒரு படமாக்கலும் நிகழ்கின்றது என்பது குறைவாகவே கவனிக்கப்பட்டுள்ளது. அருண் என்னும் பாத்திரம் பெண்களின் நிலை குறித்து ஓர் ஆவணப்படம் எடுக்கச் சென்னைக்கு வருகின்றான். மஞ்சு அவனுக்கு உதவுகின்றாள். பெண்களிடம் கேள்வி கேட்டுப் பதிவுசெய்யும் பகுதிகள் படத்தின் ஓட்டத்திற்குள் வைக்கப்பட்டுள்ளன. இவை கதைப்படத்தின் அழகுக்கு இசைந்து வராத துண்டுகள்; அவை வேண்டுமென்றே அப்படி விடப்பட்டிருக்கின்றன. கையில் கேமராவோடு நகரத்தில் அலைந்து கண்டவரிடம் பேச்சுக் கொடுக்கும் ஆவணப் பயிற்சியை அறிந்தவர்களுக்கு இவ்வடிவம் அந்நியமாக இராது. ஒரு மாணவர் பயிற்சி வணிகப்படத்தின் வயிற்றுக்குள் உயிரோடு இருக்கும் அரிய எடுத்துக்காட்டாக இதனைக் காணலாம். இறுதியில் மணம் முடித்து வந்த அருணின் கார் நகர்ந்துவிட, மஞ்சு தெருவில் நிற்கின்றாள். வசனத்தால் முடித்திருக்கக் கூடிய இடத்தை இடைவெளியின் அளவால் முடித்திருப்பது, ஒளிப்பதிவும் வெட்டும் ஒன்றாக எண்ணப்பட்டதற்குச் சான்று.

மற்றொரு சுவடு பெயர்ப்பட்டியலில் உள்ளது. நல்லுசாமி–ஞானசேகரன் என்பது போலவே ‘ஒரு தலை ராகம்’ (1980) படத்தின் ஒளிப்பதிவாளர்களாக ராபர்ட்–ராஜசேகர் என்ற இணைப் பெயர் வந்தது. தமிழ்த் திரையில் இணைப் பெயர் புதிதன்று: கிருஷ்ணன்–பஞ்சு, விஸ்வநாதன்–ராமமூர்த்தி என முன்னரே உண்டு. ஒளிப்பதிவில் அது அவ்வளவு வழக்கமன்று. கேமரா ஒருவரின் கண்ணில் ஒட்டியிருப்பது. இருவர் சேர்ந்து ஒரு சட்டகத்தை அமைத்தோம் என்று கூறுவது ஸ்டுடியோ படிநிலையில் பொருந்தாத கூற்று. வகுப்பில் ஒருவர் மற்றவருக்கு மாறி மாறிப் பணிசெய்தவர்களுக்கு அது இயல்பான கூற்று. ராபர்ட்–ராஜசேகர் அடுத்த ஆண்டே ‘பாலைவனச் சோலை’ (1981) படத்தை இயக்கவும் செய்தனர். வேலையற்ற இளைஞர் குழுவொன்றையும் அவர்களுக்கு நடுவே வரும் பெண்ணையும் பற்றிய அப்படத்தில், பல பேர் ஒரே இடத்தில் அமர்ந்து பேசும் காட்சிகள் மிகுதி. குழு உரையாடலில் யாரைக் காட்டுவது, எப்போது கேட்பவருக்குத் தாவுவது என்பது படத்தொகுப்புச் சிக்கல். அதனை ஒளிப்பதிவாளர்களாக இருந்த இயக்குநர்கள் படப்பிடிப்பிலேயே தீர்த்துக்கொண்டுள்ளனர்.

1986

தரமணி என்னும் பெயர் வணிக வட்டாரத்தில் மதிப்புப் பெற்ற ஆண்டு 1986 என்பது பொதுக்கருத்து. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, ஆர். அரவிந்தராஜ் இயக்கி, விஜயகாந்த் நடித்த ‘ஊமை விழிகள்’ அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. திரைப்படக் கல்லூரி மாணவர்களின் படம் என்றே அது விளம்பரம் பெற்றது; சினிமாஸ்கோப்பில் எடுக்கப்பட்டது; ஏ. ரமேஷ்குமார் ஒளிப்பதிவு செய்தார். அகன்ற சட்டகத்தில் வெட்டவெளியையும் இருளையும் அச்சத்தின் கருவிகளாகப் பயன்படுத்தியதும், மெதுவாக நகரும் ஷாட்டுகளுக்கு இடையில் திடீரென வெட்டி அதிர்ச்சி தந்ததும் அன்றைய பார்வையாளருக்குப் புதிது. ‘உழவன் மகன்’ (1987), ‘செந்தூரப் பூவே’ (1988), ‘இணைந்த கைகள்’ (1990) என ஆபாவாணன் குழுவினரின் படங்கள் தொடர்ந்தன. ஆர்.கே. செல்வமணி, ஆர்.வி. உதயகுமார் ஆகியோர் வருவதற்கும் இச்சூழல் வழிவிட்டது.

கலை மாணவர் என்றால் ஓடாத படம் எடுப்பவர் என்ற எள்ளலை ‘ஊமை விழிகள்’ போக்கியது உண்மையே. ஆயினும் அதே 1986-இல் வந்த ‘மௌன ராகம்’ நம் பொருளுக்கு இன்னும் ஆழமான சான்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதன் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் தரமணியில் பயின்றவர், படத்தொகுப்பாளர்கள் பி. லெனின், வி.டி. விஜயன். இதே மூவரும் ‘நாயகன்’ (1987) படத்திலும் இணைந்தனர். ஸ்ரீராமுக்கு அப்படம் ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைத் தந்தது. சாளரத்து ஒளியும் மேலிருந்து விழும் ஒளியும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவ்வொளியமைப்பு வெட்டினால் சிதையாமல் தொடர்கின்றது என்பது அதனினும் கடினமான செயல். முகத்தில் பாதி இருளாக வைத்து ஓர் ஷாட் எடுப்பது ஒரு திறன். எதிர்க்கோணத்திலும் அதே இருளின் அளவையும் திசையையும் காத்து, படத்தொகுப்பாளர் எங்கு வெட்டினாலும் கண் உறுத்தாமல் தருவது வேறொரு திறன். செயல்தொடர்ச்சிப் பயிற்சி கற்பிப்பது இந்த இரண்டாவது திறனையே.

படத்தொகுப்பு எங்கே போயிற்று?

இங்கு ஒரு முரண்பாட்டை எதிர்கொள்ள வேண்டும். தரமணியில் படத்தொகுப்பும் தனிப் பட்டயப் பாடமாக இருந்தது. ஆனால் தமிழ்த் திரையில் 1980 முதல் 2000 வரை பரவலாக அறியப்பட்ட படத்தொகுப்பாளர்களின் பெயர்களை எண்ணினால், குடும்ப மரபும் உதவியாளர் மரபுமே முன்னே வருகின்றன. பி. லெனின் இயக்குநர் பீம்சிங்கின் மகன். ஏ. ஸ்ரீகர் பிரசாத் தம் தந்தை அக்கினேனி சஞ்சீவியிடம் தொழில் கற்றவர். ஒளிப்பதிவிலோ பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன், ரத்னவேலு, பின்னர் மனோஜ் பரமஹம்சா எனத் தரமணி வரிசை நீள்கின்றது. ஒரே வளாகம், ஒரே பயிற்சிப் படங்கள். விளைவு மட்டும் ஏன் இருவேறு?

முதற்காரணம் தொழிற்சூழல். 1970களில் ஸ்டுடியோக்களின் பிடி தளர்ந்து படப்பிடிப்பு கிராமங்களுக்கும் தெருக்களுக்கும் நகர்ந்தபோது, வேகமிக்க வண்ணப் பிலிமையும் எடை குறைந்த கேமராவையும் கையாளத் தெரிந்த புதியவர்கள் தேவைப்பட்டனர். ஸ்டுடியோ விளக்கு மரபில் ஊறிய மூத்தோருக்கு அது புதிய நிலம். படத்தொகுப்பு அறையில் அத்தகைய உடைப்பு எதுவும் நிகழவில்லை. 1990களின் நடுப்பகுதியில் கணினி நுழையும் வரை அதே மேசை, அதே ஒட்டுநாடா. பழையவர்களை விலக்கிப் புதியவர்களை அழைக்க எவருக்கும் காரணம் இல்லை.

மற்றொன்று காணத்தக்க தன்மை. மாணவர் ஒருவர் தம் பட்டயப் படத்தைத் தயாரிப்பாளருக்குக் காட்டினால் ஒளிப்பதிவின் தரம் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். நல்ல படத்தொகுப்பு தன்னை மறைத்துக்கொள்வது. எடுத்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு என்று அறியாதவரால் அதனை மதிப்பிட இயலாது. ஆகவே மாணவர் படம் ஒளிப்பதிவாளருக்கு ஒரு சான்றிதழாகவும் படத்தொகுப்பாளருக்குச் சான்றற்ற உழைப்பாகவும் அமைந்தது. இந்நிலை இன்றும் முழுவதுமாக மாறிவிட்டது என்று கூறுவதற்கில்லை.

ஆயினும் கற்பிக்கப்பட்ட படத்தொகுப்பு வீணாகவில்லை. வேறு வழியில் வெளிப்பட்டது. தரமணி ஒளிப்பதிவாளர்கள் பலர் இயக்கத்திற்கும் சென்றனர்: ராபர்ட்–ராஜசேகர், ‘மீரா’ (1992), ‘குருதிப்புனல்’ (1995) படங்களில் பி.சி. ஸ்ரீராம், ‘மின்சாரக் கனவு’ (1997), ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) படங்களில் ராஜீவ் மேனன். ஸ்டுடியோ காலத்தில் இயக்கத்திற்கான வாயில் படத்தொகுப்பு அறை என்று முன்னர்க் கண்டோம். கல்லூரிக் காலத்தில் அவ்வாயிலின் ஒரு பகுதி கேமராவுக்குப் பின்னால் இடம்பெயர்ந்தது. வெட்டத் தெரிந்த ஒளிப்பதிவாளர் என்ற புதிய தொழிலாளர் வகை உருவானதே இதற்கு அடிப்படை. பூனாவில் ஒளிப்பதிவு பயின்று 1969-இல் தங்கப்பதக்கத்துடன் வெளிவந்த பாலு மகேந்திரா இவ்வகையின் முழுமையான வடிவம்: ‘வீடு’ (1988) படத்தை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, தொகுத்தவரும் அவரே. ஒளிப்பதிவாளரின் எழுச்சியைக் காட்சி அழகின் எழுச்சியாக மட்டும் எழுதும் வரலாறு இந்தப் பாதியைத் தவறவிடுகின்றது.

எண்மக் காலமும் ஆவணச் சிக்கலும்

பிலிமின் கணக்கு 2010களில் முடிவுக்கு வந்தது. ஃபியூஜி நிறுவனம் 2013-இல் படப்பிடிப்புப் பிலிம் உற்பத்தியை நிறுத்தியது; சென்னையின் ஆய்வகங்களிலும் பிலிம் பதனிடும் பணி அருகியது. தரமணியின் பாடத்திட்டமும் மாறியது. பட்டயங்கள் நான்காண்டுக் காட்சிக்கலைப் பட்டப்படிப்பாயின. அசைவூட்டமும் காட்சி விளைவுகளும் பாடமாயின. நிழற்படக் கேமராவிலேயே காணொலி எடுக்க முடிந்த பிறகு, கல்லூரிக்குச் செல்லாமலே குறும்படம் எடுத்தோர் தோன்றினர். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி அவர்களுக்கு மேடை தந்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி ஆகியோர் அவ்வழி வந்தவர்கள். ‘பீட்சா’ (2012), ‘சூது கவ்வும்’ (2013) இரண்டும் குறும்படப் பயிற்சியின் நேரடி விளைவுகள். அங்கே ஒருவரே எடுத்து, ஒருவரே கணினியில் தொகுப்பதால் கேமராவுக்கும் மேசைக்கும் இடையிலிருந்த சுவர் முற்றிலும் விழுந்துவிட்டது. மூன்று மணி நேரக் காட்சிப்பதிவிலிருந்து பத்து நிமிடம் தேர்வது, 3600 அடியிலிருந்து 900 அடி தேர்வதைப் போன்ற கல்வியா என்பது பாடத்திட்டம் வகுப்போர் விவாதிக்க வேண்டிய கேள்வி. முதலாவதில் பிழைக்குத் தண்டனை இல்லை. ஆனால் தேர்வின் சுமை பெரிது.

ஆய்வாளருக்கோ கேள்வி வேறு. ‘அவள் அப்படித்தான்’ படத்திற்கு முன் ருத்ரய்யாவும் அவர் நண்பர்களும் வகுப்பில் எடுத்த துண்டுகள் எவ்வாறு இருந்தன என்பதை அறியாமல், அப்படத்தின் வடிவத் துணிவை அவர்களின் மேதைமைக்கு மட்டும் உரியதாக்கிவிடுகின்றோம். பூனா மாணவர் படங்கள் விழாக்களில் திரையிடப்பட்டு, விமர்சகர்களால் எழுதப்பட்டு, ஒரு மரபாக அடையாளம் பெற்றுள்ளன. தரமணிப் படங்களுக்கு அத்தகைய விமர்சன வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. கறுப்பு–வெள்ளைப் பிலிம் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதையும். சென்னையின் தட்பவெப்பம் அதற்குப் பகை. காலம் இதில் நடுநிலையாக இல்லை.

படச்சுருள் கிடைக்காத இடத்தும் சான்றுகள் உண்டு. படப்பிடிப்பு அறிக்கைத் தாள்கள், பிலிம் வழங்கல் பதிவேடுகள், தேர்வாளர் குறிப்புகள், மாணவர் வைத்திருந்த ஷாட் பட்டியல்கள் ஆகியவை ஒரு படத்தின் எலும்புக்கூட்டைத் தரவல்லவை. எந்த ஷாட் எத்தனை முறை எடுக்கப்பட்டது, எத்தனை அடி வீணானது என்ற எண்கள் ஒரு வகுப்பறையின் அன்றாடத்தைப் பேசும். 1970களில் பயின்றோர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது எந்த நடிகருடன் பணியாற்றினீர்கள் என்பதையன்று, உங்கள் முதல் பயிற்சிப் படத்தில் எந்த வெட்டு ஒட்டாமல் போயிற்று என்பதையே. தரமணியிலேயே உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தமிழ்ப் படங்களின் பாட்டுப் புத்தகங்கள் அடுக்கில் வரிசையாக உள்ளன. வெளிவந்த படத்தின் ஒரு தாள்கூட அங்கு ஆவணமாக மதிக்கப்படுகின்றது. அவ்வடுக்குகளில் மாணவர் படத்திற்கு ஒரு தட்டு ஒதுக்குவதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு பட்டியல்: ஆண்டு, தலைப்பு, நீளம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு.